அலை அளவி மிதவை, தூத்துக்குடி

தூத்துக்குடிக் கரைக்கு அப்பால், மன்னார் வளைகுடாவில் அலைகளை அளந்து கரைக்கு அனுப்பும் மிதவைக் கருவி. ஐதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) இந்தியக் கரையோரம் நிறுவியுள்ள அலை மிதவை வலையமைப்பைச் சேர்ந்தது.

மின்சிக்கனம்: மிதவைக்குக் கரையிலிருந்து மின்சாரம் வருவதில்லை. இத்தகைய உணரிக் கருவிகளில் அளப்பதைவிட, அளந்ததை அனுப்பவே பொதுவாக மின்சாரம் அதிகம் செலவாகும். ஆகவே கணக்கீட்டின் ஒரு பகுதி மிதவைக்குள்ளேயே முடிக்கப்படுகிறது. இவ்வகை மிதவை நொடிக்கு 1.28 முறை கடலின் ஏற்ற இறக்கத்தைப் பதிகிறது. அரை மணியில் 2,304 பதிவுகள் சேரும். அவற்றைப் பகுத்து அலை உயரம், அலைக்காலம், திசை எனச் சில எண்களாகச் சுருக்குகிறது. செயற்கைக்கோள் வழியே அந்தச் சுருக்கம் அனுப்பப்படுகிறது.

ஒப்பீடு: ஆழ்கடல் சுனாமி எச்சரிக்கை அமைப்பிலும் இதே நெறிதான். கடலடி அழுத்தமானி ஓயாமல் அளக்கிறது. நீர்மட்டம் வரம்பு மீறினால்தான் அடிக்கடி செய்தி அனுப்புகிறது.

பயன்: மீனவர், சங்கு குளிப்போர், வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வரும் மாலுமிகள் ஆகியோருக்குக் கடல்நிலை முன்னறிவிப்பு தேவை. அதை வெளியிடும் இன்காய்ஸ், தன் கணிப்பைச் சரிபார்க்க மிதவைத் தரவுகளைப் பயன்படுத்துகிறது.