ஞாயித்துக்கிழமை ஓட்டமும் சமணர் படுக்கைகளும்

நாப்பது வயசுக்கு மேல ஓட ஆரம்பிச்ச ஆசாமி நான். 'சர்க்கரை எட்டிப் பாக்குது, கொஞ்சம் ஓடியாடித் திரிங்க'ன்னு டாக்டர் சொன்னாலும் சொன்னார், மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தைச் சுத்திச் சுத்தி வந்தேன். செக்குமாடு கூட என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கும். மூணு மாசத்துல வெறுத்துப் போச்சு. அப்புறம்தான் ஒரு யோசனை. ஞாயித்துக்கிழமை விடிகாலைல பைக்கை எடுத்துக்கிட்டு ஏதாவது ஒரு மலையடிவாரம் போய், வண்டியை ஓரங்கட்டிட்டு அங்கிருந்து ஓடினா என்ன?

இப்படி ஆரம்பிச்ச ஓட்டம் கடைசில கல்வெட்டுல கொண்டுபோய் விட்டுடுச்சு. மதுரையைச் சுத்தி எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரு மலை வரும், அந்த மலைல ஒரு குகை இருக்கும், குகைக்குள்ள வழுவழுன்னு கற்படுக்கை இருக்கும். திருப்பரங்குன்றம், கீழக்குயில்குடி, கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம், அழகர்மலை, மாங்குளம், அரிட்டாபட்டி, யானைமலை, கீழவளவு, திருவாதவூர், கருங்காலக்குடி... நகரத்தை நடுவுல வச்சு ஒரு வட்டம் போட்ட மாதிரி.

முதல்ல போனது ஒத்தக்கடை யானைமலை. அடிவாரத்துல இருக்கிற நரசிங்கப் பெருமாள் கோயில் ஒரு குடைவரை. கி.பி. 770ல் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி குடைய ஆரம்பிச்சு, முடியறதுக்குள்ள இறந்து போக, தம்பி மாறன் எயினன் முடிச்சு வச்சார்னு கல்வெட்டு சொல்லுது. அண்ணன் விட்ட வேலையைத் தம்பி முடிச்ச கதை. அதிகம் பேர் போற இடம்கிறதால இதோட நிறுத்திக்கிறேன். எனக்குப் பிடிச்ச வழி வேற.

மேலூர் நாலுவழிச் சாலைல நரசிங்கம்பட்டி வரைக்கும் வண்டி. அங்கேயிருந்து இடதுபக்கம் பிரிஞ்சு அரிட்டாபட்டிக்கு ஊர்ச்சாலைல நாலைஞ்சு கிலோமீட்டர் ஓட்டம். ரெண்டு பக்கமும் வயல், நடுநடுவே கண்மாய், தூரத்துல தலைகாட்டுற மொட்டைப் பாறைகள். முதல் தடவை ஓடினப்ப டீக்கடைல உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர் கையைக் காட்டி நிறுத்திட்டார்.

"தம்பி, எதுக்கு இப்படி ஓடுறீக? யாரும் தொரத்துறாகளா?"

"இல்லங்கய்யா, சும்மா உடம்புக்கு."

"உடம்புக்கா! அப்ப வயலுக்கு வாங்க. வரப்பு வெட்டலாம்."

கடையே சிரிச்சது. (நியாயமான பேச்சுதானே, நானும் சிரிச்சேன்.) பாறைப் பக்கம் எப்படிப் போறதுன்னு வழி சொன்னவரும் அவர்தான்.

அரிட்டாபட்டி குகைல ரெண்டு காலத்துச் சங்கதி ஒரே இடத்துல இருக்கு. மேலே பாறை நெற்றியில் தமிழ்பிராமி எழுத்து. நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பவர் இந்த முழையைக் கொடுத்ததாக ஒரு கல்வெட்டு. முழைன்னா குகை. இலஞ்சி வேளின் மகன் கொடுத்ததாக இன்னொன்று. இலஞ்சின்னா குற்றாலம் பக்கத்து இலஞ்சி, நெல்வேலின்னா திருநெல்வேலிப் பக்கம்னு அறிஞர்கள் கருதுறாங்க. அப்படின்னா நூத்தைம்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆளு, மேலூர் பக்கத்துப் பாறைல துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கார். இதைப் படிச்சிட்டு அந்தக் கல்லு மேல உக்காந்தா கொஞ்ச நேரம் எழுந்திருக்கத் தோணாது.

எழுத்துக்குக் கிட்டவே பாறையைக் குறுக்கே வெட்டி ஒரு காடி இழுத்திருப்பாங்க. புருவம் மாதிரி இருக்கும். பாறை மேல பெய்யற மழைத்தண்ணி வழிஞ்சு குகைக்குள்ள வராம, அந்தக் காடியோட விளிம்புல சொட்டி வெளியே விழுந்துடும். புத்தகத்துல படிச்சப்ப சாதாரணமாத்தான் இருந்தது. ஒரு ஐப்பசி ஞாயித்துக்கிழமை ஓடிக்கிட்டிருந்தப்ப மழை பிடிச்சுக்கிட்டது. குகைல போய் ஒதுங்கினேன். முக்கால் மணிநேரம் கண்ணுக்கு முன்னாடி தண்ணி திரை மாதிரி விழுது, உள்ளே படுக்கைல ஒரு சொட்டு இல்லை! ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி உளி பிடிச்ச ஆளு செஞ்ச வேலை இன்னும் வேலை செய்யுது. என் வீட்டு மாடி ஒழுகுறதைப் பத்தி இங்கே பேச வேண்டாம்.

சமணத் துறவிகள் வண்டி ஏறமாட்டாங்க. எங்கே போனாலும் நடைதான், அதுவும் வெறுங்கால் நடை. மழைக்காலத்து நாலு மாசம் மட்டும், பூச்சி புழுவை மிதிச்சிடக் கூடாதுன்னு ஒரே இடத்துல தங்குவாங்க. அதுக்குத்தான் இந்தப் படுக்கையும் காடியும். ஓடுறவன் எதைத் தேடுவான்? நிழல், தண்ணி, பக்கத்துல ஒரு ஊர். இந்த மலைகள்ல அது மூணும் இருக்கு. பாறைச் சுனைல தண்ணி, கீழே கண்மாய், சோறு போட ஊர், கூப்பிடு தூரத்துல பெருவழி. அழகர்மலைக் கல்வெட்டுகள்ல மதுரைப் பொன்கொல்லன், உப்பு வணிகன், அறுவை வணிகன் (துணி வியாபாரிதான்), கொழு வணிகன் எல்லாரும் வரிசையா வர்றாங்க. கொழுன்னா கலப்பைல மாட்டுற இரும்பு. சரக்கு ஏத்திப் போன வழில, போற வழிக்குப் புண்ணியமா இருக்கட்டும்னு கொடுத்திருப்பாங்கன்னு என் ஊகம்.

அதே அரிட்டாபட்டி குகைக்குப் பக்கத்துல, ஆயிரம் வருஷம் தள்ளி, ஒரு தீர்த்தங்கரர் சிற்பமும் கீழே வட்டெழுத்தும். செய்வித்தவர் பெயர் அச்சணந்தி. இந்த மனுஷனை நான் விடாம துரத்திக்கிட்டு இருக்கேன். யானைமலைல இவர் பெயர் இருக்கு, கீழக்குயில்குடில இருக்கு, ஐவர்மலைல, உத்தமபாளையத்துல, வடக்கே வேலூர் பக்கத்து வள்ளிமலைல கூட இருக்கு. எல்லாம் நடந்தே போன தூரம். நம்ம மாரத்தான் மெடலை எல்லாம் எங்கே வைக்கிறது? கீழக்குயில்குடி பேச்சிப்பள்ளத்துல ஒரு சிற்பத்தை, அச்சணந்தியோட தாயார் குணமதியார் செய்வித்ததா எழுதியிருக்கு. வீட்டை விட்டுப் போன பிள்ளையோட பெயரைச் சொல்லி ஒரு அம்மா கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. அதைப் படிச்ச அன்னிக்கு மேற்கொண்டு ஓட முடியலை, நடந்துதான் இறங்கினேன்.

அரிட்டாபட்டி வட்டெழுத்துல, அந்தத் திருமேனி பக்கத்துக் குடிமக்களோட 'ரட்சை'ன்னும் முடிச்சிருக்காங்க. ராஜா காவல்னு எழுதலை, ஊர்க்காரங்க பொறுப்புன்னு எழுதியிருக்காங்க.

அங்கேயிருந்து மீனாட்சிபுரம் வழியா மாங்குளம் மலை. ஏத்தம் செங்குத்து, ஓட்டம் எல்லாம் நடக்காது. மேலே ஆறு தமிழ்பிராமிக் கல்வெட்டுகள். 1882ல் ராபர்ட் சிவெல் கண்டுபிடிச்சது. அது என்ன மொழின்னே ரொம்ப வருஷம் பிடிபடலை. தமிழ்தான்னு 1924ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொன்னார். சங்கப் பாட்டுல மட்டும் கேட்ட நெடுஞ்செழியன் பெயர் இங்கே கல்லுல இருக்குன்னு அப்புறம் ஐராவதம் மகாதேவன் படிச்சுக் காட்டினார். காலம் சுமார் கி.மு. 2ஆம் நூற்றாண்டு. பள்ளி கொடுத்தவர்கள்ல ஒருத்தர், பாண்டியனுக்குச் சகலை முறை ஆகிறவரோட அப்பாவாம். சகலைப்பாடி சமாச்சாரம் அப்பவே கல்வெட்டு ஏறியாச்சு :)

இந்தப் பாறைகள் இருக்கிற அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதில 193 ஹெக்டேர் சொச்சத்தை 2022 நவம்பர்ல தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அரசு அறிவிச்சது. ராஜாளி, வல்லூறு, தேவாங்கு, எறும்புத்தின்னி எல்லாம் இருக்கிற இடம். சரியா ரெண்டு வருஷம். 2024 நவம்பர்ல, இந்த இடத்தையும் சேர்த்து ரெண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிஞ்சுதுன்னு மத்திய சுரங்க அமைச்சகத்துலேர்ந்து செய்தி வந்தது. அந்த வாரம் ஓடப் போனப்ப டீக்கடைல யாரும் சிரிக்கலை. பெரியவர் மட்டும், "நீங்க ஓடுறதுக்காவது பாதை இருக்குமா தம்பி?"ன்னார். பதில் சொல்லத் தெரியலை.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டிலேர்ந்து மதுரை தல்லாகுளம் தலைமை தபால் நிலையத்துக்கு ஆயிரக்கணக்கான பேர் கிளம்பினாங்க. அரை மாரத்தானுக்குக் கிட்டத்தட்ட வர்ற தூரம். நான் மூச்சு வாங்கி ஓடுற அதே சாலைல, சேலை கட்டின அம்மாக்களும் கம்பு ஊன்றின தாத்தாக்களும் யானைமலையைத் தாண்டி வெயில்ல நடந்து வந்தாங்க. ஷூ போட்டவங்களை எண்ணிடலாம். ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்துன்னு மத்திய அரசு அறிவிச்சது.

பிப்ரவரில போனப்ப பெரியவர் அதே பெஞ்சுல இருந்தார். "தம்பி, நாங்க மதுரைக்கே நடந்துட்டு வந்துட்டோம், நீங்க இன்னும் இந்த நாலு மைலையே ஓடிக்கிட்டு இருக்கீகளே"ன்னார். ஒத்துக்கிட்டேன்.

இப்போ கீழவளவுப் பக்கம் ஓடிக்கிட்டிருக்கேன். மனசு கனக்கிற வழி. சுத்திலும் கிரானைட்டுக்காக அறுத்த குன்றுகள், குன்று இருந்த இடத்துல பச்சைத் தண்ணி தேங்கின பள்ளங்கள். 2012ல் ஊரே பேசின கிரானைட் முறைகேட்டுக்குப் பேர்போன இடம்தானே இது. நடுவுல பஞ்சபாண்டவர் மலை மட்டும் மிச்சம். அங்கே இருக்கிற தமிழ்பிராமிக் கல்வெட்டுல சில எழுத்து தலைகீழா, இடவலம் மாறி இருக்கும். வெட்டினவர் எந்தப் பக்கம் தொங்கிக்கிட்டு வெட்டினாரோ. கொடுத்தவர் தொண்டிக்காரர். கடல் பக்கத்துத் தொண்டி! உப்புக் காத்து அடிக்கிற ஊர்லேர்ந்து இங்கே வந்து ஒரு பள்ளி கொடுத்திருக்கார். அந்த வழியையும் ஒருநாள் பார்த்துடணும். ஓட முழங்கால் ஒத்துக்காது, பைக்லதான்.