பேரேட்டிலிருந்து கைப்பேசிக்கு: பள்ளி வணிகக் கலைச்சொற்களின் ஒரு நூற்றாண்டு

பள்ளிப் பாடநூல்களில் வழங்கும் தமிழ்க் கலைச்சொற்கள் எல்லாம் ஒரே வழியில் வந்தவை அல்ல. அறிவியல் சொற்களில் பெரும்பகுதி அறிஞர் குழுக்கள் கூடி ஆக்கியவை. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி இதழும் நடத்தினர். இருபதாண்டு கழித்து, 1936-இல், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் விபுலானந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூட்டியது. அதன் பயனாகக் கலைச்சொல் தொகுதி 1938-இல் வெளிவந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி வேரூன்றத் தொடங்கிய காலம் அது. சொற்பட்டியல் முன்னே சென்றது. பாடநூல் பின்னே வந்தது.

வணிகச் சொற்களின் கதை வேறு. வகுப்பறைக்கு வெகுகாலம் முன்பே அவை கடைகளிலும் கிட்டங்கிகளிலும் புழங்கிக்கொண்டிருந்தன. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் தங்கள் கணக்கு முழுவதையும் தமிழிலேயே எழுதினர். பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை, உண்டியல், நடப்பு வட்டி, தவணை ஆகிய சொற்களுக்கு எந்தக் குழுவும் ஒப்புதல் தர வேண்டியிருக்கவில்லை. பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதப் பழகிய பையனுக்குச் சொல்லும் தொழிலும் சேர்ந்தே வந்தன. 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கி, வணிகவியலும் கணக்குப்பதிவியலும் தமிழ்வழியில் பெருவாரியான மாணவரை எட்டியபோது, பாடநூலாசிரியர்கள் இந்தக் கையிருப்பைத் தாராளமாக எடுத்துக்கொண்டனர். ஐந்தொகையின் இடத்தை இருப்புநிலைக் குறிப்பு பிடித்துக்கொண்டாலும் பேரேடும் பற்று வரவும் இன்றுவரை அசையவில்லை.

மின்னணுப் பொருளாதாரத்தின் சொற்கள் இந்த இரண்டு வழியிலும் வரவில்லை. கனடிய எழுத்தாளர் டான் டாப்ஸ்காட் 1995-இல் ‘டிஜிட்டல் எகானமி’ என்று தம் நூலுக்குப் பெயரிட்டபோது இங்கே அது நிபுணர் பேச்சாகவே இருந்தது. 2004-இல் ஆர்டிஜிஎஸ், 2005-இல் நெஃப்ட், 2010-இல் ஐஎம்பிஎஸ் என வங்கிப் பரிமாற்ற முறைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவையும் வங்கி முகப்பைத் தாண்டித் தெருவுக்கு இறங்கவில்லை. 2016 தான் திருப்பம். ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது. நவம்பர் 8 அன்று ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிப்பு வந்தது. டிசம்பர் 30-இல் பீம் செயலி வெளியானது. நோட்டுகள் செல்லாமல் போனதைச் செய்தித்தாள்கள் அவசரத்தில் ‘பணமதிப்பிழப்பு’ என்று எழுதத் தொடங்கின. பொருளியல் மாணவருக்கோ அது 1966-இல் நடந்த ரூபாய் மதிப்புக் குறைப்பையே நினைவூட்டக்கூடிய சொல். இரண்டும் வேறு வேறு நடவடிக்கைகள் என்று விளக்கும் பொறுப்பு ஆசிரியர் தலையில் விழுந்தது.

2018-19 முதல் படிப்படியாக வந்த புதிய பாடநூல்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்கத் தவறவில்லை. பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் நூல் வங்கிப் பகுதியில் மின்னணு வங்கிச் சேவைகளை விளக்குகிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் மின்வணிகம், மின்னணுப் பணம் செலுத்தும் முறைகள், மின்வணிகப் பாதுகாப்பு, மின்னணுத் தரவுப் பரிமாற்றம் எனத் தனித்தனிப் பாடங்களே உள்ளன. சொல்லாக்கத்தில் பெரிய குறை காண முடியாது. (இலங்கைப் பாடநூல்கள் ‘மின்னணு’ இருக்குமிடத்தில் ‘இலத்திரனியல்’ என்கின்றன, அதனால் எந்தப் பிள்ளையின் படிப்பும் கெட்டுவிடவில்லை.) என் ஆட்சேபம், இச்சொற்கள் வைக்கப்பட்டிருக்கும் இடத்தைப் பற்றியது. கணினிப் பாடத்தில் வைத்ததால் அவை கருவியின் பெயர்களாகிவிட்டன. கணக்கோடு அவற்றுக்கு இருக்கும் உறவு மறைந்துபோயிற்று.

ஓர் எடுத்துக்காட்டு. வணிக நிறுவனத்துக்குள் வரும் ரொக்கத்தைப் பற்றிலும் வெளியே போவதை வரவிலும் எழுத வேண்டும் என்பது கணக்குப்பதிவியலின் தொடக்க விதி. அதைப் படித்த மாணவர் வீட்டுக்குப் போனால், கணக்கில் பணம் ஏறியதும் ‘கிரெடிட்’ ஆனதாக, அதாவது வரவு வைக்கப்பட்டதாக, வங்கியிடமிருந்து குறுஞ்செய்தி வருகிறது. விதி தலைகீழாகிவிட்டதே என்று அவர் திகைப்பதில் தவறில்லை. குறுஞ்செய்தி வங்கியின் பேரேட்டைப் பார்த்து எழுதப்பட்டது. நாம் போட்டுவைத்த பணம் வங்கிக்குக் கடன். ஆகவே அங்கே நம் பெயரில் வரவு. ‘பற்று அட்டை’ என்ற பெயரும் அதே பேரேட்டிலிருந்து வந்ததுதான்.

இதை விளக்கப் புதிய பாடம் எழுத வேண்டியதில்லை. பதினொன்றாம் வகுப்பிலேயே ‘வங்கிச் சரிகட்டும் பட்டியல்’ இருக்கிறது. ரொக்க ஏட்டின் பற்றிருப்பு வங்கி அறிக்கையில் வரவிருப்பாக நிற்பது ஏன் என்பதே அதன் அடிப்படை. வாடிக்கையாளர் நேரே வங்கியில் செலுத்திய தொகை ரொக்க ஏட்டில் விடுபட்டுப்போவது அங்கே வழக்கமான கணக்கு. மளிகைக் கடையில் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து ஒருவர் 250 ரூபாய் அனுப்ப, கடைக்காரர் அதைத் தம் ஏட்டில் எழுத மறந்தால் நடப்பதும் அதேதான். கணக்கு மாறவில்லை, காசோலை போய்க் கைப்பேசி வந்திருக்கிறது. ஆனால் பயிற்சிக் கணக்குகளில் இன்னமும் காசோலைகளே குவிந்துகிடக்கின்றன.

இது மதிப்பெண்ணோடு நிற்கிற விஷயமும் அல்ல. ‘ஜிபே பண்ணிட்டேன்’, ‘ஓடிபி வந்துச்சா’ என்று மாணவர் சரளமாகப் பேசுகிறார். பணம் அனுப்பத்தான் யுபிஐ பின் தேவை, பெற அது தேவையில்லை என்பது அந்தப் பேச்சில் எங்குமில்லை. ‘பணம் வரும், பின்னைப் போடுங்கள்’ என்று சொல்லி ஏமாற்றுபவர்கள் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான். பின் என்பது, வங்கி தன் ஏட்டில் நம் கணக்கில் பற்று எழுத நாம் தரும் கையொப்பம். பற்று வரவு தெளிந்த பிள்ளைக்கு இதை ஒரே வாக்கியத்தில் புரியவைத்துவிடலாம்.

அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் வல்லுநர் குழு சொற்பட்டியலை நீட்ட வேண்டாம். சரிகட்டும் பட்டியலின் பயிற்சிக் கணக்குகளில் பாதியையாவது யுபிஐ பரிமாற்றங்களாக மாற்றி எழுதட்டும்.