ஆண்டாளும் ரமணரும்: கரைவதா, கூட நிற்பதா?

பெரியப்பா காரியம் முடிந்த மறுவாரம், சிவகாசியில் பெரியம்மா கேட்டாங்க: "செத்தா எல்லாம் ஒண்ணாக் கலந்துரும்ங்கிறாங்களே, அப்ப அங்க போயி நான் யாரப் பாக்க?"

காலண்டருக்குத் தகரம் அடிக்கிற பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவங்க. எனக்குப் பதில் தெரியவில்லை. படிக்க ஆரம்பித்த பிறகுதான், இந்தக் கேள்விக்கு எதிரெதிரான பதில்களோடு நினைக்கப்படும் இரண்டு பேருமே எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவர்கள் என்பது உறைத்தது.

கிழக்கே திருச்சுழி. அங்கே 1879 டிசம்பர் 30-ல் பிறந்த வேங்கடராமன்தான் ரமண மகரிஷி. 1896-ல் மதுரையில், பதினாறு வயதில், திடீரென்று சாவு பயம் பிடித்தது. பிணம் மாதிரி விறைத்துப் படுத்து, சாவது உடம்பா நானா என்று பார்த்தார். 'நான்' எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடிப் போனால் தனி ஆளாக ஒருவன் அங்கே அகப்படமாட்டான், இருப்பது ஆன்மா ஒன்றே என்பது அவர் பின்னாளில் சொன்னது. அத்வைதம். இந்தக் கணக்கில் பெரியப்பா எங்கேயும் போகவில்லை. ஆனால் பெரியம்மா தேடுகிற பெரியப்பாவும் இல்லை.

மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் திருவரங்கம் போய் ரங்கநாதரோடு கலந்துவிட்டாள் என்பது ஐதீகம். கலந்தவள் காணாமல் போயிருக்க வேண்டுமே? ஊர்க் கோயில் கருவறையில் பாருங்கள்: நடுவே ரங்கமன்னார், ஒரு பக்கம் ஆண்டாள், மறுபக்கம் கருடன். சேர்ந்தே நிற்கிறார்கள், தனித்தனியாக. 'திருப்பாவை ஜீயர்' என்று பெயர் வாங்கிய ராமானுஜரின் விசிஷ்டாத்வைதமும் இதைத்தான் சொல்கிறது: உயிர் இறைவனுக்கு உடம்பு மாதிரி. பிரிக்க முடியாது, ஆனால் இரண்டும் ஒரே பொருள் அல்ல. முக்தியிலும் அனுபவிக்க ஓர் ஆள் இருக்கும்.

(சைவ சித்தாந்தம் மூன்றாவது வழி. 13-ஆம் நூற்றாண்டு மெய்கண்டாருக்கு அத்வைதம் என்றால் 'ஒன்று' இல்லை, 'பிரிந்து நிற்காமை'. அதைத் தனியாக எழுதணும்.)

இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்த பிறகு ரமணரே என்னைக் கவிழ்த்துவிட்டார். விருபாட்ச குகையில் இருந்தபோது, பிச்சைக்குப் போகும் அடியார்கள் பாடுவதற்காக 108 கண்ணிகளில் 'அருணாசல அட்சரமணமாலை' எழுதினார். அதில் பாடுவது மணமகள்; அருணாசலம் மணமகன். இரண்டில்லை என்றவருக்கு எதற்கு மாப்பிள்ளை? கரைவதற்கும் முதலில் ஓர் ஆள் வேண்டும், ஆசை வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாங்க. "வில்லிபுத்தூருக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போ. திருச்சுழிக்கு அப்புறம் பாத்துக்கலாம்."