மனைக்கோழியும் பண்ணைக்கோழியும்

கோழி வளர்ப்பு முறைகளைக் கால்நடை நூலார் பெரும்பாலும் மூன்றாகப் பகுப்பர். திறந்த வெளியில் மேயவிடுதல் ஒன்று. உமியோ கடலைத்தோலோ தடிப்பாகப் பரப்பிய கொட்டகைக்குள் வளர்க்கும் ஆழ்கூள முறை ஒன்று. கம்பிக் கூண்டு முறை ஒன்று. இப்பகுப்பு கோழி நிற்கும் இடத்தை அடிப்படையாகக் கொண்டது. பண்ணை நடத்துவார்க்கு இதுவே போதும். வரலாறு காண்பார்க்கு இது போதாது என்பது எம் கருத்து. கோழி எங்கே நிற்கிறது என்பதினும் அது தின்னும் தீனி யாருடையது என்பதே பெரிய வேறுபாட்டை விளைத்தது.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்தமைக்கு வகுப்பறை நிகழ்ச்சியொன்று காரணமாயிற்று. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 139ஆம் பாட்டை முதுகலை மாணவர்க்கு விளக்கிக்கொண்டிருந்தோம். மாலைப் பொழுதில் வேலியோரம் காட்டுப்பூனைகள் வருகின்றன. எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் குஞ்சுகள் ஒன்றாய்த் திரள்கின்றன. வீட்டுக்கோழியின் பேடை அவற்றைக் கூவி அழைக்கிறது. ஊரில் எழும் அம்பலுக்கு அவ்வழைப்பு உவமை. நாமக்கல் பகுதியிலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, எங்கள் பண்ணையில் இருபதாயிரம் கோழிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றுகூடக் குஞ்சை அழைத்து யான் கேட்டதில்லை" என்றார். வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. உவமையின் ஒரு தலை மறைந்துபோன பின் பாட்டு எவ்வாறு விளங்கும்?

பழைய வளர்ப்பு முறையை அறியப் பட்டினப்பாலை நல்ல சான்று தருகிறது. காவிரிப்பூம்பட்டினத்து அகன்ற முற்றத்தில் உணவுப் பொருள் காய்கிறது. அதைக் கவர வந்த கோழியின்மேல் மகளிர் தம் காதணியை எறிகின்றனர். அவ்வணி சிறுவர் உருட்டும் மூன்றுகால் தேரின் வழியை மறிக்கிறது. இப்பகுதியை நகரின் செல்வச் செழிப்புக்குச் சான்றாகக் காட்டுதல் மரபு. அது தக்கதே. ஆயினும் கோழியின் பக்கம் நின்றும் இதனை ஒருமுறை நோக்குதல் வேண்டும். பொன்னை எறியத் தயங்காத வீட்டிலும் காயும் தானியம் கோழிக்கு உரியதன்று. அது வீட்டார் உணவு. சிந்தியதும் சிதறியதும், புழுவும் பூச்சியுமே கோழியின் பங்கு. அதற்கு மேல் வேண்டுமாயின் அது திருடவேண்டும், திருடினால் அடிபடும்.

பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையும் பாடினார். அதில் மருத நிலத்து உழவர் ஊரில் பாணர்க்கு வெண்ணெற் சோற்றொடு மனையில் வாழும் கோழியின் வறுவல் கிடைக்கும் என்கிறார். அந்நூலிலேயே, பட்டினத்தைக் கூறும் பகுதியில், ஓர் ஆண்பன்றியின் செய்தி வருகிறது. அதனைப் பெண்பன்றியொடு சேரவிடாது பிரித்துக் குழியில் நிறுத்தி, நெல்மா ஊட்டிப் பலநாள் பேணிக் கொழுக்க வைக்கின்றனர். இவ்விரு செய்தியையும் ஒருங்கு வைத்து நோக்கியவரை யாம் கண்டிலோம். ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அடைத்துவைத்து, விலையுள்ள தீனி தந்து, இறைச்சிக்கென்றே ஓர் உயிரைக் கொழுக்க வைக்கும் முறையைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர். பன்றிக்குச் செய்ததைக் கோழிக்குச் செய்ததாக அப்புலவர் கூறவில்லை. தன் தீனியைத் தானே தேடிக்கொள்ளும் பறவைக்கு நெல்மா ஊட்டுதல் வீண் என்று கருதினர் போலும். இது எம் ஊகமே. ஆயினும் முற்றத்துக் கோழி பட்ட அடி இவ்வூகத்துக்கு அரண் செய்கிறது.

இம்முறையில் தீனிச் செலவு இல்லை, இழப்பு உண்டு. மாசாத்தியார் பாட்டில் வரும் காட்டுப்பூனையே 107ஆம் பாட்டிலும் வருகிறது. விடியலை அறிவித்துத் தன் துயிலைக் கெடுத்த சேவல் பூனைக்குட்டிக்கு இரையாகுக எனத் தலைவி வைகிறாள். நாள்தோறும் கண்ட இழப்பே வசைமொழி ஆயிற்று. அள்ளூர் நன்முல்லையாரின் 157ஆம் பாட்டிலும் சேவற்குரலே பிரிவை அறிவிக்கிறது. ஆக, இப்பாட்டுகளில் கோழி இறைச்சியாய் வருகிறது; நாழிகை காட்டுவதாய் வருகிறது; தாயாய் வருகிறது. முட்டை உணவாய் வரக் காணோம். இதில் வியப்பில்லை. நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் பத்து முதல் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு அமர்ந்துவிடும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பூனைக்கும் பருந்துக்கும் போனது போக இனம் தொடரவேண்டுமாயின் முட்டையுள் பெரும்பகுதியை அடைக்கே விடுதல் வேண்டும். அங்கு முட்டை உணவாவதினும் விதையாவதே முதன்மை.

பெயர்களும் இதற்கேற்ப அமைந்தன. தொல்காப்பிய மரபியல் பறவையின் ஆணுக்கும் பெண்ணுக்கும் இளமைக்கும் பெயர் வகுக்கிறது. கோழிக்கும் கூகைக்கும் பெண்பாற் பெயராக அளகு என்பதைத் தருகிறது. பயன் நோக்கிய பெயர் அங்கு இல்லை. முட்டைக்கோழி, இறைச்சிக்கோழி என்னும் இற்றை வழக்கில் பாலும் பருவமும் பின்தள்ளப்பட்டுப் பயனே பெயராகிவிட்டது.

ஈண்டு ஒன்றை இடைப்பிறவரலாகக் கூறலாம். குறுந்தொகை 242ஆம் பாட்டின் கானக்கோழிச் சேவலுக்குக் கழுத்தில் ஒளிபொருந்திய புள்ளிகள் கூறப்படுகின்றன. இது தென்னாட்டுக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் கானக்கோழிக்கு நன்கு பொருந்தும். வீட்டுக்கோழியின் மூதாதை செந்நிறக் கானக்கோழியே. எனினும் பல வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபுக்கூறு சாம்பல்நிறக் கானக்கோழியிடமிருந்து வந்ததென 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. காட்டுக்கும் முற்றத்துக்கும் இடையே இருந்த வேலி அத்துணை உறுதியானதன்று போலும்.

நாட்டுப்புறத்தில் இன்றும் கோழியை இரவில் பஞ்சாரத்திலோ கூட்டிலோ கவிழ்த்தும் அடைத்தும் காப்பர். இடத்தால் பகுப்பார் இதனை அடைப்பு முறையில் ஒரு படி எனக் கொள்வர். யாம் அவ்வாறு கொள்ளோம். விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கினால் கோழி தன் தீனியைத் தேடித் தானே போகிறது. பூனைக்கு அஞ்சிய காவலே அன்றி வேறு வளர்ப்பு முறை அன்று அது.

உண்மையான மாற்றம் இருபதாம் நூற்றாண்டில், மேலைநாடுகளில் நேர்ந்தது. குளிர்நாட்டில் வெயில் படாமல் வீட்டுக்குள் அடைத்த குஞ்சுகள் கால் வளைந்து மடிந்தன. 1920களில் வைட்டமின் டி இன்னதென்று தெரிந்து, மீனெண்ணெயைத் தீனியிற் கலந்ததும் அத்தடை நீங்கியது. கோழியை வெயிலிலிருந்து பிரித்தது சுவரன்று, தீனியே என்பதை ஈண்டுக் கருத்தில் கொள்க. 1923இல் அமெரிக்காவின் டெலவேர் நாட்டுப்புறத்தில் சிசில் ஸ்டீல் என்னும் பெண்மணி 50 குஞ்சு கேட்க, தவறுதலாக 500 வந்தன. அவர் திருப்பி அனுப்பாமல் வளர்த்து இறைச்சிக்கு விற்றார். இறைச்சிக்கென்றே பெருமளவில் கோழி வளர்க்கும் தொழிலின் தொடக்கமாக அதனைக் கூறுவர். 1930களில் முட்டைக்கோழிக்குக் கம்பிக் கூண்டு பரவியது. குஞ்சு பொரிக்கும் வேலையைப் பொறி ஏற்றது. அடைக்கு அமரும் இயல்பு முட்டையைக் குறைப்பதால், அவ்வியல்பு குன்றிய வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களே தேர்ந்து பெருக்கப்பட்டன.

எம் மாணவரின் பண்ணை இவ்வரலாற்றின் மறு நுனியில் நிற்பது. 1997இல் தனி மாவட்டமான நாமக்கல், முட்டைக்கென இந்நாடெங்கும் பெயர்பெற்ற இடம். அங்குக் கூண்டுக்கோழி ஏறத்தாழ இருபதாம் வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, ஆண்டுக்கு 300 அளவில் இடுகிறது. நாளொன்றுக்கு 100 கிராமுக்குச் சற்று மிகுதியான தீனி வேண்டும். அத்தீனியின் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் பெரும்பாலும் பிற மாநிலங்களிலிருந்து வருவன. 1982இல் அமைந்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் விலையை அறிவிக்கிறது. சத்துணவுக் கூடத்துப் பிள்ளைகளுக்கு 1989 முதல் முட்டை கிடைத்தது இத்தொழில் இருந்தமையால் என்பதை மறத்தல் நன்றன்று. பழைய முற்றத்தால் அது இயலாது. அக்கோழி படும் நெருக்கமும் மறத்தற்குரியதன்று. 1964இல் இங்கிலாந்தில் ரூத் ஹாரிசன் என்பார் இதனை நூலாக எழுதிக் கண்டித்தார். ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் விதி வகுத்து, பழைய வகைக் கூண்டை 2012இல் ஒழித்தது.

இறைச்சிக்கோழியோ கூண்டில் இல்லை, ஆழ்கூளத்தில் நடமாடுகிறது. இடத்தால் பகுப்பின் முட்டைக்கோழியினும் அது உரிமை மிக்கது எனல் வேண்டும். ஆனால் பல்லடம், உடுமலைப் பக்கத்து ஒப்பந்தப் பண்ணைகளைக் காண்க. கொட்டகையும் உழைப்பும் உழவருடையன. குஞ்சும் தீனியும் மருந்தும் நிறுவனத்தினுடையன. ஏறக்குறைய ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடையேறிய கோழியை நிறுவனமே எடுத்துச் செல்லும். உழவர்க்கு வளர்ப்புக்கூலி கிடைக்கும். பழைய மனையில் கோழி வீட்டாருடையது, தீனி எவருடையதும் அன்று. இங்கே தீனி யாருடையதோ கோழியும் அவருடையது. எம் பகுப்பின் இரு முனைகள் இவையே.

இற்றை வேளாண் நூல்கள் நாட்டுக்கோழி வளர்ப்பைப் புறக்கடை வளர்ப்பு என வழங்குகின்றன. ஆங்கிலச் சொல்லை நோக்கி ஆக்கிய பெயராதலின் கோழி வீட்டின் பின்புறம் போய்விட்டது. பட்டினப்பாலையில் அது முன் முற்றத்தில் அன்றோ நின்றது! மனைக்கோழி என்னும் பழம்பெயரை மீண்டும் எடுத்தாளலாம் என்பது எம் பரிந்துரை. புறக்கடை என்பது இடத்தை மட்டும் சுட்டும். மனை என்பது யாருடன் வாழ்கிறது என்பதையும் சுட்டும்.

பண்ணை உள்ள இடங்களில் அருகே நாட்டுக்கோழி வளர்க்க விடுவதில்லை. வெள்ளைக்கழிச்சல் பரவும் என்னும் அச்சம் காரணம். எம் மாணவர் பேடையின் அழைப்பைக் கேளாமைக்கும் அதுவே காரணம். பொங்கல் விடுமுறையில் பாட்டி ஊருக்குச் சென்றவர் திரும்பி வந்து, அங்குக் கீரி வந்தபோது பேடை எழுப்பிய குரலைக் கேட்டதாகவும், அது அழைப்பைப் போலன்றி வசையைப் போலவே இருந்ததாகவும் கூறினார். அம்பலுக்கு அது உவமையான வகையை அதன்பின் யாம் விளக்க வேண்டியிருக்கவில்லை.