ஊழியரின் மருத்துவத் தனியுரிமை (இந்தியா)

ஊழியரின் உடல்நிலை, சிகிச்சை, கருத்தரிப்பு, பரிசோதனை முடிவு ஆகியவற்றில் நிர்வாகம் எதைக் கேட்கலாம், யாரிடம் வெளியிடலாம் என்பதற்குச் சட்டம் வகுக்கும் வரம்பே மருத்துவத் தனியுரிமை. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. வழக்கு வழக்காக, நோய் நோயாக வளர்ந்த உரிமை இது.

தொடக்கம்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், குறிப்பிட்ட தொழில்சார் நோய்களை அரசுக்குத் தெரிவிக்கச் சொன்னது. போபால் விஷவாயு விபத்துக்குப் பின் வந்த 1987 திருத்தம், அபாயகரமான தொழில்களில் வேலை செய்வோர் தங்கள் உடல்நலப் பதிவேட்டைத் தாங்களே பார்க்க வழிசெய்தது.

படிவத்தில் கேட்ட கேள்விகள்

ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் (எல்.ஐ.சி.) வேலையில் சேரும் பெண்கள் ஓர் உறுதிமொழிப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருவுற்றார், கருச்சிதைவு உண்டா என்றெல்லாம் அது கேட்டது. கழகத்தின் மருத்துவரே தகுதியானவர் என்று சான்றளித்த ஒரு பெண், பேறுகால விடுப்புக்குப் பின் வேலையிழந்தார். மாதவிடாய்த் தேதியைத் தவறாகக் குறிப்பிட்டார் என்பது காரணம். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது. பெண்ணின் தன்மானத்தைப் புண்படுத்தும் அக்கேள்விகளை நீக்கவும் சொன்னது.

எச்.ஐ.வி. வழக்குகள்

பொதுத்துறை நிறுவனமொன்றின் தற்காலிகத் தொழிலாளி, நிரந்தரமாக்கும் முன் நடந்த பரிசோதனையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டதால் வேலையிழந்தார். வேலை செய்யும் உடல்வலு அவருக்கு இருந்தது. தொற்றை மட்டும் காரணம் காட்டி வேலை மறுப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் வெளியே தெரியாமல் ‘எம்.எக்ஸ்.’ என்ற எழுத்துகளால் அவர் வழக்காட அனுமதித்தது இத்தீர்ப்பின் தனிச்சிறப்பு. ஆனால் 1998இல் வேறொரு வழக்கில், மணப்பெண்ணின் உடல்நலம் காக்க ஒருவரின் தொற்றை மருத்துவமனை வெளியிட்டது தவறில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

2017க்குப் பின்

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உறுதிசெய்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்தது. வேலைக்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதை அது தடை செய்கிறது. பாதிக்கப்பட்டோர் புனைபெயரில் வழக்காடவும் வழி தருகிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சிகிச்சை விவரங்களுக்கு இரகசியக் காப்பு அளித்தது.

இன்றைய நிலை

2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் உடல்நலத் தகவலை ‘கூருணர்வுத் தகவல்’ என்று தனியே வகைப்படுத்தின. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடு இல்லை. வேலை தொடர்பான சில தேவைகளுக்கு ஒப்புதலின்றியே தரவைக் கையாளவும் அது இடமளிக்கிறது. எச்.ஐ.வி.க்குக் கிடைத்த தெளிவான காப்பு காசநோய், புற்றுநோய், சர்க்கரை நோய் உள்ள ஊழியருக்கு இன்னும் கிடைக்கவில்லை. இந்த வேலையைச் செய்ய இவரால் முடியுமா என்பதே நிர்வாகம் அறிய வேண்டியது; நோயின் பெயர் அதற்குத் தேவையில்லை. எல்லா நோய்களுக்கும் பொருந்தும்படி இதைச் சொல்லும் ஒரு சட்டம் இந்தியாவுக்கு வேண்டும்.