எட்டிக்கொட்டையும் ஹைட்ரஜன் தண்ணீரும்

1904 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். ஒலிம்பிக் மாரத்தான். மண்டையைப் பிளக்கும் வெயில். கார்கள் கிளப்பிய புழுதி. ஓட வேண்டிய தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வழியில் தண்ணீர்? ஓரிரண்டு இடங்களில் மட்டும்!

ஏற்பாட்டில் கோளாறு என்று நினைக்காதீர்கள். வேண்டுமென்றே செய்தது. தண்ணீர் குறைந்தால் உடம்பு என்ன பாடுபடும் என்று பார்க்க, அமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்கு ஆசை.

தாமஸ் ஹிக்ஸ் என்ற வீரர், தண்ணீர் கேட்டுக் கெஞ்சினார். கூட வந்த உதவியாளர்கள் மறுத்துவிட்டார்கள். ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்ததோடு சரி. ஆனால் வேறொன்று கொடுத்தார்கள். முட்டையின் வெள்ளைக்கருவோடு ஸ்டிரிக்னைன். நம்மூர் எட்டிக்கொட்டையில் இருக்கிறதே, அதே விஷம்! கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு டோஸ். தொட்டுக்கொள்ள பிராந்தி.

முதலில் வந்தவர் பாதி வழியைக் காரில் கடந்த கில்லாடி என்பது தெரிந்துபோக, தள்ளாடித் தள்ளாடி வந்து சேர்ந்த ஹிக்ஸுக்குத்தான் தங்கம். 3 மணி 28 நிமிடம் 53 விநாடி. ஓடிய 32 பேரில் முடித்தவர்கள் 14 பேர். அமெரிக்க வீரர் வில்லியம் கார்சியா, புழுதி உள்ளே போய் ரத்தப்போக்கு ஏற்பட்டுச் சாகப் பிழைக்கக் கிடந்தார்.

இனிமேல்தான் வேடிக்கை. ஹிக்ஸுக்குத் துணையாக வந்த சார்லஸ் லூகாஸ், மறு வருஷம் புத்தகமே எழுதினார். மாரத்தான் வீரர்களுக்கு மருந்து ரொம்ப உதவும் என்பது நிரூபணமாகிவிட்டதாம்! நான் பி.காம். படித்தவன். ஒற்றை ரசீதை வைத்துக்கொண்டு வருஷக் கணக்கை முடித்தால் எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

இன்றைய சரக்கு, ஹைட்ரஜன் வாயு கலந்த தண்ணீர். களைப்பு பறந்துவிடும் என்கிறார்கள். 2007-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள், ஹைட்ரஜன் வாயுவைச் சுவாசித்த எலிகளின் மூளையில் சேதம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆரம்பம் அதுதான். 2012-ல் அதே நாட்டில் கால்பந்து வீரர்களுக்கு இந்தத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். கடும் பயிற்சியின்போது ரத்தத்தில் லாக்டேட் ஏறுவது குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் வீரர்கள் எத்தனை பேர் தெரியுமா? பத்தே பத்து.

அதற்குப் பிறகும் நிறைய சோதனைகள் வந்தன. களைப்பு லேசாகக் குறைவதாகச் சில சொல்கின்றன. வித்தியாசமே இல்லை என்கின்றன வேறு சில. நெடுந்தூரம் ஓடுகிறவரின் வேகம் கூடும் என்பதற்கு இன்னும் உறுதியான ஆதாரமில்லை.

எட்டிக்கொட்டை உயிரை எடுக்கும்; ஹைட்ரஜன் தண்ணீர் பர்ஸைத்தான் பதம் பார்க்கும். அந்த மட்டில் முன்னேற்றம்தான். ஆனாலும் பாட்டிலை வாங்குமுன் ஹிக்ஸை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மனுஷர் கேட்டது வெறும் தண்ணீர்.