அடிஷாம் பங்களா

அடிஷாம் பங்களா, இலங்கையின் ஊவா மாகாணத்தில், ஹப்புத்தளை நகருக்கு மேற்கே சுமார் 3 கி.மீ. தொலைவில் மலைமுகட்டில் நிற்கும் கருங்கல் மாளிகை. கொழும்பின் ஜார்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனத் தலைவராக இருந்த சர் தாமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ் 1931இல் இதைக் கட்டுவித்தார். பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜான் ரஸ்ஸல் பிரபுவின் பேரன் இவர். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தாம் பிறந்த சிற்றூரின் பெயரையே வீட்டுக்கும் இட்டார்.

கென்ட்டிலுள்ள லீட்ஸ் கோட்டையே இதற்கு முன்மாதிரி என்பர். ஆயினும் அக்கோட்டையைச் சூழ்ந்த ஏரி இங்கில்லை. அந்த இடத்தைப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் மூடுபனியும் தேயிலைச் சரிவுகளும் நிரப்புகின்றன. ஆர். பூத், எஃப். வெப்ஸ்டர் இருவரும் டியூடர், ஜாக்கோபியப் பாணிகளைக் கலந்து வடிவமைத்தனர். மலையகத்துத் துரை பங்களாக்கள் பெரும்பாலும் வராந்தாவும் தகரக் கூரையும் கொண்ட தாழ்ந்த கட்டடங்கள். அடிஷாமோ உளியால் கொத்திய கருங்கற்களால் எழுந்த தடித்த சுவர்கள், ஒடுங்கி உயர்ந்த சன்னல்கள், கணப்படுப்புகளின் புகைபோக்கிகள் என முற்றிலும் வேறுபட்டது. கதவு, தரை, மாடிப்படி, சுவர்ப்பலகை அனைத்தும் பர்மாத் தேக்கு. கூரையில் வேய்ந்த சிறு பலகைகளும் அதே மரமே. கல்லின் கடினத்தைத் தேக்கின் பழுப்புநிறம் தணிக்கும் அந்த உட்புறமே இவ்வீட்டின் தனிச்சிறப்பு.

இத்தகைய மாளிகையை எழுப்பிய செல்வம் தேயிலை தந்தது. ஒரு குடும்பத்துக்குச் சுமார் 10 அடிக்கு 12 அடி அறை ஒன்று என்ற கணக்கில் அமைந்த வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்தபடி, கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு அது. ஊவாத் தோட்டங்களின் கட்டடக்கலையைப் பேசும்போது லயத்தையும் சேர்த்தே பேச வேண்டும். பங்களாக்களைப் பேணிக்காத்த அக்கறை லயங்களுக்குக் கிடைக்கவில்லை.

வில்லியர்ஸுக்குப் பின்னர் கைமாறிய அடிஷாம் மாளிகையை 1961இல் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் வாங்கினர். இன்றும் இது அவர்களது மடம். ஆள் குடியிருந்து, அன்றாடம் துடைத்துப் பராமரிப்பதால்தான் வீடு பழுதின்றி நிற்கிறது. வில்லியர்ஸ் காலத்துத் தளபாடங்களும் நூலகமும் கலையாமல் உள்ளன. துறவிகள் தயாரிக்கும் ஸ்ட்ராபெரி ஜாம், கொய்யா ஜெலி முதலியன வளவிலேயே விற்கப்படுகின்றன.

வார இறுதி, போயா (முழுநிலா), பாடசாலை விடுமுறை நாள்களில் பார்வையாளருக்கு அனுமதியுண்டு. வரவேற்பறையையும் நூலகத்தையும் மட்டும் பார்க்கலாம். ஏனைய அறைகள் துறவிகளுக்கு உரியவை.